மகாராணி படுக்கவில்லை

எனக்கு விலங்குகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். ஆயுசில் பாதியை பஸ் ஓட்டுநர் இருக்கையில் கழித்தவன் நான். என் கணக்கில் நாய் என்றால் குறுக்கே ஓடுவது, மாடு என்றால் நடுரோட்டில் நிற்பது. அவ்வளவுதான் சம்பந்தம்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருந்தேன். நான் எங்கே இருந்தாலும் அந்த இடத்தைத்தான் என் மனைவி அப்போது பெருக்க வேண்டியிருந்தது. எங்கள் மருமகள் மிருக டாக்டர். கைவிடப்பட்ட பிராணிகளை மீட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. வண்டி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்க வேண்டும். "நான் ஓட்டறேன்மா" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

இதில் ஒரு சிக்கல், என் முதுகு. அத்தனை வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்ததால், கடைசியில் உட்காருவதே ஆகாமல் போய்விட்டது. கொஞ்ச தூரம் வண்டி ஓட்டலாம். அதோடு அன்றைய பங்கு தீர்ந்துவிடும். இறங்கிய பிறகு நிற்க வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தேன் என்றால் என்னைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியில் என்னை எப்போது பார்த்தாலும் எங்காவது ஒரு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பேன். சாப்பாடும் நின்றபடிதான். "குடை ஸ்டாண்டு" என்று எனக்குப் பின்னால் ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

குதிரை பற்றிப் போன் வந்தது ஒரு காலையில். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கார் ஷெட்டுக்குள் ஒரு குதிரை அடைபட்டுக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். சின்ன ஜன்னல் வழியாகப் புல்லும் தண்ணீரும் அவர்தான் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்தவன் வீட்டுப் பூட்டில் கை வைக்கப் பயம். கடைசியில் அழுகையும் கோபமும் வந்து எங்களுக்குப் போன் செய்திருக்கிறார்.

போலீஸ்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு பூட்டை உடைத்தோம். உள்ளே இருந்த வாடையில் நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். மருமகள் உள்ளே போனாள். ஒரு கார் நிற்கும் அகலம்கூட இல்லை அந்த ஷெட். பாதி இடத்தில் உடைந்த பீரோக்களும் கட்டில்களும். மீதி இடத்தில் ஒரு பெண் குதிரை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த வளையத்தோடு தலையைச் சேர்த்துக் கட்டியிருந்தது. கயிறு அத்தனை குட்டை; தலையை இறக்கக்கூட முடியாது, படுப்பது எங்கே? குளம்புகள் வளர்ந்து வளர்ந்து முன்பக்கம் சுருண்டு, பழைய காலத்து ராஜா செருப்பு போல மேலே வளைந்திருந்தன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"மகாராணி செருப்பு போட்டுக்கிட்டு நிக்கறாங்க" என்று சொன்னேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை. அதற்குப் பிறகு அதன் பெயர் மகாராணி என்றே ஆகிவிட்டது.

என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டியின் பக்கச் சட்டத்தில் சாய்ந்து, கண்ணை மூடாமல், அது நின்றபடியே வந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையைக் காலி செய்து மகாராணிக்குக் கொடுத்தார்கள். செய்தி எப்படிப் பரவியதோ, உதவி செய்யும் மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் வைக்கோல் இறக்கினார். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் கேரட் மூட்டையோடு வந்தார். மெத்தைக்கடைக்காரர் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், அறை முழுக்க ரப்பர் மெத்தை விரித்துக் கொடுத்தார். "எங்க கடையிலேயே உசத்தியான சரக்கு சார். என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இதைக் கொடுக்கல" என்றார். லாடக்காரர் வந்து குளம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார். ஒரே நாளில் வெட்டினால் நரம்பு தாங்காதாம். செதுக்கச் செதுக்க, உள்ளேயிருந்து உண்மையான குளம்பு வெளிப்பட்டது.

அன்று மருமகள் ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினாள்.

"கேளுங்க மாமா."

கேட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு, தொம். மறுபடி நீண்ட அமைதி. மறுபடி, தொம். பெரிய வீட்டில் யாரோ அவசரமே இல்லாமல் மாடிப்படி இறங்குவதுபோல இருந்தது. இத்தனை பட்ட பிறகும் இந்த நிதானமா! எனக்கு சிக்னலில் பச்சை விழ ஒரு நொடி தாமதமானாலே நெஞ்சு படபடக்கும். கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏதோ சாக்குச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் மகாராணி படுக்கவில்லை.

குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், அதனால் கவலை இல்லை என்று நான் நினைத்தேன். அது அரைத்தூக்கம்தானாம். ஆழ்ந்து தூங்க அதுவும் உடம்பைக் கீழே போட வேண்டும். மகாராணி ஷெட்டில் அதை மறந்துவிட்டு வந்திருந்தது. மூலையில் போய் நிற்கும். கண் செருகும். தலை தொங்கும். திடீரென்று முன்னங்கால்கள் மடங்கி, முட்டி தரையில் மோதும், பதறி எழுந்துவிடும். முட்டிகளில் பழைய புண். ஒவ்வொரு முறையும் கட்டு பிரிந்து ரத்தம் வரும்.

"ஒரு ஊசியப் போட்டுப் படுக்க வையேம்மா" என்றேன்.

"மயக்கம் வேற, தூக்கம் வேற மாமா. உங்க மண்டையில ஒண்ணு போட்டு விழ வச்சா, தூங்கி எழுந்த மாதிரி இருக்குமா?"

"உங்க அத்தைகிட்ட இந்த யோசனையைச் சொல்லிடாத."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் நிலைமை எனக்கு உறைத்தது. "புண் ஆழமாப் போகுது மாமா. மூட்டுக்குள்ள சீழ் இறங்கிடுச்சுன்னா நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. அப்ப அதை வலியோட நிக்க வச்சு வேடிக்கை பார்க்க மாட்டேன். நானே முடிச்சு வச்சிடுவேன்." இதைச் சொல்லும்போது அவள் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மகாராணிக்குப் பயம் போனால் படுக்கும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். பயம் போக்குவதில் அந்த ஆஸ்பத்திரியை மிஞ்ச ஆள் கிடையாது. அடிபட்டு மிரண்ட நாய்களை அவர்கள் வழிக்குக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். அறைக்குள் போய்த் தரையோடு தரையாக உட்காருவார்கள். பார்க்க மாட்டார்கள், பேச மாட்டார்கள். நம்மால் ஆபத்தில்லை என்று உடம்பைச் சுருக்கிக் காட்டுவார்கள். சில நாளில் நாய் தானாக வந்து மடியில் தலை வைக்கும்.

மகாராணிக்கும் அதே வைத்தியம். முறை போட்டுக்கொண்டு ஆளாளுக்கு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மருமகள் உட்கார்ந்தாள். ஊசி போடும் உதவியாளப் பெண், எல்லோரும் அவளைக் "கம்பவுண்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் உட்கார்ந்தாள். மெத்தைக்கடைக்காரர் தன் சரக்கின் சுகத்தை எடுத்துக்காட்டுவதற்காகப் படுத்தே காட்டினார். படுத்தவர் குறட்டை விட்டார். துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள். அது உள்ளே நுழைந்ததும், ஊர்ப்பட்ட வேலை செய்து களைத்ததுபோல, மெத்தையில் சரிந்து தூங்கிவிட்டது. மகாராணி மட்டும் நின்றது. காதுகளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது படுப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

உதவி செய்தவர்கள் தினமும் போன் செய்து கேட்பார்கள்: "படுத்துச்சா?" போன் எடுக்கும் அக்கா, "இன்னும் இல்லீங்க" என்பார். எதிர்முனையில் யாரோ பெருமூச்சு விடுவது எனக்கே கேட்கும்.

நான் அந்த அறைக்குள் போனதில்லை. என் வேலை வண்டி. குதிரை என் இலாகா இல்லை. உண்மையைச் சொன்னால் பயந்தேன். முடித்து வைக்கப் போகும் உயிரோடு எதற்குப் பழக்கம் என்றிருந்தது.

அந்த மதியம் வண்டியில் அடிபட்ட நாய் ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஆபரேஷன் அறைக்கு ஓடினார்கள். மருமகள் கையுறை மாட்டிக்கொண்டே வாசலில் நின்றாள்.

"மாமா, காலையில கட்டு மாத்தினப்ப பார்த்தேன், வீக்கம் கூடியிருக்கு. சாயங்காலம் முட்டியில ஊசி விட்டுப் பார்க்கணும். சீழ் இருந்தா..." கையுறையின் விரல்களை இழுத்துச் சரிசெய்தாள். "இன்னிக்கு அதைத் தனியா விட மனசு வரல. நீங்க கொஞ்ச நேரம் போய் உக்காருங்களேன்."

"உட்காருறதுதான் என் ஜாதகத்துலயே இல்லையேம்மா."

"சரி, நில்லுங்க. அதோட கண்ணைப் பார்க்காதீங்க. அது போதும்."

எங்கள் வீட்டில் பழமொழி தலைகீழ். மருமகள் உடைத்தால்தான் மண்குடம். அவள் சொல்லை நான் தட்டியதில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டை வெளியே கட்டியிருந்தார்கள். அறையின் கதவு மேல், கீழ் என்று இரண்டு பாதியாகத் திறப்பது. கீழ்ப்பாதியைச் சாத்திவிட்டு மேல்பாதியைத் திறந்து வைத்தேன். கண்ணைப் பார்க்கக் கூடாது என்றாளே, அதனால் குதிரைக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து நின்றேன். டப்பாவைக் கதவின் விளிம்பில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

பின்னால் இருப்பதைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது. தொழில் கோளாறு. டப்பாவின் மூடி பளபளவென்று இருந்தது. அதைச் சாய்த்துப் பிடித்தேன். பின்னால் நடப்பதெல்லாம் அதில் தெரிந்தது. மகாராணி மூலையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன பார்வை? நான் வெறும் டிரைவர்" என்றேன், திரும்பாமல்.

முற்றத்தில் ஒரு பூனை போனது. ஒருவர் வாளியோடு போனார். எங்கோ ஒரு இரும்புக் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. நான் தலையை நீட்டி என்னவென்று பார்த்தேன், ஒன்றுமில்லை, மறுபடி சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தும் நின்றேன். அப்போது என் கழுத்தில் சூடான காற்று பட்டது. மகாராணி என் பின்னால் வந்து நின்றிருந்தது. சட்டைக் காலரை மோந்து பார்த்தது. தோளில் அதன் தாடை ஒரு கணம் படிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு பெரிய உயிர் அவ்வளவு மெதுவாகத் தொட முடியும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அது விலகியது. மூடியில் பார்த்தேன். வைக்கோலை முகர்ந்தபடி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. முன்கால்கள் மடங்கின. போச்சு, முட்டி என்று நினைத்தேன். ஆனால் இந்த முறை அது பதறி எழவில்லை. பின்பக்கமும் இறங்கியது. ஒரு முனகல். அந்த முழு உடம்பும் பக்கவாட்டில் சரிந்து விழுந்த அதிர்வு மெத்தை வழியாக என் காலில் ஏறியது. கழுத்து நீண்டு கிடந்தது. நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்த மூச்சு வரவே இல்லை.

செத்துவிட்டது. என் பாதுகாப்பில் விட்ட நேரத்தில், நான் சோறு தின்ற கையோடு நிற்கும்போது, செத்துவிட்டது. கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. நடைபாதையில் கம்பவுண்டர் போனாள். கையை மட்டும் ஆட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் ஓடினாள்.

மருமகள் அப்படியே வந்தாள், ஆபரேஷன் உடுப்போடு. நாய்க்குத் தையல் போட்டு முடித்த கை. பின்னால் போன் அக்கா, லாடக்காரர், இன்னொரு மெத்தையைத் தோளில் சுமந்தபடி மெத்தைக்கடைக்காரர். கதவுக்கு மேலே எட்டிப் பார்த்த மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை.

பார்த்தாள். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பிறகு, பின்னால் வருகிறவர்களை நிறுத்தக் கையைத் தூக்கினாள்.

"மாமா," என்றாள், உதடு மட்டும் அசைந்தது. "அசையாதீங்க. அப்படியே நில்லுங்க."

"போயிடுச்சாம்மா?"

"கனவு காணுது."

நான் மெல்லத் திரும்பினேன். விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடியது. உதடுகள் எதையோ மென்றன. பிறகு கால்கள் அசைந்தன. முதலில் ஒன்று, பிறகு மற்றவை. ஓர் அடி ஒழுங்காக எடுத்து வைக்க முடியாத அந்தக் கால்கள், பாதி செதுக்கிய அந்தக் குளம்புகள், காற்றில் ஓடின. தடுமாற்றமே இல்லாமல், தாளத்தோடு ஓடின. எங்கே ஓடியதோ, யாரோடு ஓடியதோ. தொண்டைக்குள்ளேயே ஒரு சின்னக் கனைப்பு வந்தது. அந்த ஷெட்டுக்கு முன்னால் இதற்கு ஒரு வெட்டவெளி இருந்திருக்கிறது. அதை இத்தனை நாளும் இது எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. நான் கோயிலில்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். அன்று கைகூப்பத் தோன்றியது. கையில் டப்பா மூடி இருந்ததால் கூப்பவில்லை.

கதவுக்கு வெளியே எல்லோரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். மெத்தைக்கடைக்காரர் மட்டும், "என் மெத்தை!" என்று காற்றாகச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோளில் இருந்த மெத்தையின் மூலையையே பயன்படுத்தினார்.

மருமகள் கதவின் வெளிப்பக்கம் என்னருகில் வந்து நின்றாள். அவள் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"நாம எல்லாரும் நாய்க்காரங்க மாமா" என்றாள், ரகசியமாக. "உக்காந்தோம், படுத்தோம், ஆட்டைக் கூட்டிட்டு வந்து தூங்க வச்சோம். குதிரைக் கூட்டத்துல எல்லாம் படுத்தா, ஒண்ணு நிக்கும். காவலுக்கு. அது நிக்கற தைரியத்துலதான் மத்தது தூங்கும். இந்த ரூம்ல இத்தனை நாளா நின்னது அது ஒண்ணுதான். நாம தூங்க, அது நமக்குக் காவல் இருந்திருக்கு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எனக்கு முதுகு வலி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "வலிக்குதா? நான் மாத்திக்கட்டுமா?"

வலித்தது. பாதம் மரத்துப்போயிருந்தது. "வேணாம். வண்டி ஓடிட்டிருக்கும்போது டிரைவரை மாத்தக் கூடாது" என்றேன்.

எல்லோரும் பூனைநடை போட்டுக் கலைந்தார்கள். நான் மறுபடி வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மூடியைச் சாய்த்துப் பிடித்தேன். அதற்குள் ஒரு குதிரை முழுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் பஸ் ஞாபகம் வந்தது. விடியற்காலை வண்டியில் ஏறியதும் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்தால் தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இறங்கும் இடத்தைத் தவறவிட்டு என்னைத் திட்டுவார்கள். நானும் திட்டுவேன்: தூங்கவா டிக்கெட் வாங்கினாய்? அத்தனை பேரும் என் முதுகை நம்பித் தூங்கினார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்த முதுகு இப்போது வலித்துக்கொண்டே இருந்தது. வலிக்கட்டும் என்று விட்டேன்.

வெயில் முற்றத்தைத் தாண்டிய பிறகு மகாராணி எழுந்தது. உடம்பை உதறியதில் என் தலையெல்லாம் வைக்கோல். சாயங்காலம் மருமகள் முட்டியில் ஊசி விட்டுப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த நீர் தெளிவாக இருந்தது. சீழ் மூட்டுக்குள் இறங்கவில்லை. "இப்படியே படுத்து எழுந்தா புண் ஆறிடும்" என்றாள். போன் அக்கா அதற்குள் யாருக்கோ, "படுத்துச்சுங்க! படுத்துச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் தற்செயலாக இருக்கலாம், மறுநாள் படுக்காது என்று இரவெல்லாம் மனைவியிடம் புலம்பினேன். "அப்ப நாளைக்குப் பெரிய டப்பாவா கொடுக்கறேன், நல்லாப் பார்த்து நில்லுங்க" என்றாள் அவள்.

மறுநாள் மதியம் அறைக்குள் போனேன். கதவின் கீழ்ப்பாதியைச் சாத்தினேன். முதுகைத் திருப்பி வாசலைப் பார்த்து நின்றேன். டப்பாவின் மூடியை நான் இன்னும் திறக்கவே இல்லை. என் பின்னால், ஒரு முனகலோடு, மகாராணி முன்கால்களை மடித்தது.